சாமி அறைக்குள் ஓர் அலுவலகம்

எங்கள் வீட்டுக்குள் குளிர் எந்தெந்த வழியாக வருகிறது என்பதை அப்பா ஊதுபத்தி கொளுத்தித்தான் கண்டுபிடித்தார்.

கனடாவில், மோர்னிங்சைட்டில் நாங்கள் சொந்தமாக வாங்கிய வீட்டில் அது முதல் குளிர்காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது. அதுவரை அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அங்கே ஹீற்றர் சூடாகாவிட்டால் கீழே போய்க் கட்டடப் பொறுப்பாளரோடு சண்டை பிடித்துவிட்டு வரலாம். சொந்த வீட்டில் சண்டை பிடிக்க ஆள் இல்லை. ஆகவே அப்பா ஒக்டோபர் மாதமே குளிரோடு நேரடியாக மல்லுக்கு நின்றார்.

அவருக்கு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த ஒரு வயதான கனடாக்காரர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். வெளிக்குழாயை உள்ளேயிருந்து பூட்டித் தண்ணீரை வடியவிட வேண்டும். கதவு விளிம்புகளில் பஞ்சுப்பட்டி ஒட்ட வேண்டும். ஜன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினால் அது மேளத்தோல் மாதிரி இறுகிக்கொள்ளும். அம்மாவின் அந்த மெஷின் அந்த வருடம் தலைமயிரைக் கண்டதே இல்லை. முன்கதவின் அடிச்சந்துக்கென்று அம்மா, அப்பா இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றை நீளக் குழாயாகத் தைத்து, உள்ளே கந்தல்துணி அடைத்துக் கொடுத்தார்.

ஊதுபத்தி அப்பாவின் சொந்த யோசனை. சுவரோரமாக அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. நான் பென்சிலோடு பின்னால் போய் அந்த இடங்களில் புள்ளடி போட வேண்டும். மேலே இருந்த இரண்டு படுக்கையறைகளிலும் எனக்கு நிறைய வேலை இருந்தது. நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில் போட்ட புள்ளடிகளை எண்ணவே முடியாது. வீடு முழுவதிலும் புகை கோடு கீறினதுபோல நேராக மேலே போனது ஒரே ஓர் இடத்தில்தான்: சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் இருந்த சாமி அறை. முன்பு இருந்தவர்கள் சாமான் போட்டு வைத்த, ஜன்னலே இல்லாத சின்ன அறை அது. ஹீற்றரின் சூட்டுக் குழாய் அதன் சுவருக்குள்ளால் போனது.

“பாத்தியே, சாமி இருக்கிற இடத்திலை குளிர் அண்டாது” என்று அப்பா பெருமைப்பட்டார். குழாயை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அப்பா இவ்வளவு மினக்கெட்டதற்குக் காரணம் என் தம்பி. அவனுக்கு அப்போது பத்து மாதம். குளிர்காற்று முகத்தில் பட்டால் போதும், அன்றைக்கே இழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். அம்மா நகரத்தின் நடுவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், வந்து குவியும் விண்ணப்பங்களைக் கொம்பியூட்டரில் பதிகிற வேலை செய்தார். விடியற்காலையில் தம்பியைச் சுற்றிக் கட்டி, மூன்று தெரு தள்ளி இருந்த அன்ரி ஒருவரின் வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸும் பாதாள ரயிலும் பிடித்துப் போவார். பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க முடிந்தால் இழுப்பு குறையும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா வேலையை விட்டால் வீட்டுக்கு வாங்கிய கடனைக் கட்ட முடியாது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் அலுவலகத்தில் ஒரு புதுமையான அறிவிப்பு வந்தது. விரும்பியவர்கள் இந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை செய்து பார்க்கலாம். கொம்பியூட்டர் அவர்கள் தருவார்கள். அதற்கென்று தனியாக ஒரு ரெலிபோன் இணைப்பும் அவர்களே போட்டுத் தருவார்கள். கதவு சாத்தக்கூடிய தனி அறை ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. விட்பியிலிருந்து பெரியப்பா இதற்கென்றே வந்திருந்தார். அப்பாவின் தமையன், எந்த விஷயத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

“பிள்ளை, நான் ஒவ்வொரு நாளும் ரயிலிலை எவ்வளவு தூரம் போறன்? ஏன்? மேலதிகாரி என்ரை முகத்தைக் காணவேணும். முகம் காணாட்டி ஆளை மறந்திடுவாங்கள். ஆக்களைக் குறைக்கேக்குள்ளை முதல் வெட்டு வீட்டிலை இருக்கிற ஆளுக்குத்தான்.”

“நான் போனாலும் மனேஜர் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை, அத்தான்” என்றார் அம்மா பெரியப்பாவிடம். “நான் பதிஞ்சதைத்தான் பாக்கிறா.”

அப்பாவின் கவலை வேறு. “சனம் என்ன சொல்லும்? இவவுக்கு வேலை போட்டுது, வெளியிலை சொல்ல வெக்கத்திலை வீட்டிலை இருந்து வேலை எண்டு சொல்லுறா எண்டெல்லோ கதைப்பினம்.”

“கதைக்கட்டும். பிள்ளைக்கு இழுப்பு வராட்டிச் சரி.”

அம்மா குரலை உயர்த்துகிறவர் அல்ல. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே சொல்லுவார். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் விஷயம் முடிந்திருக்கும்.

எந்த அறை என்ற கேள்வி வந்தது. குளிர் அண்டாத அறை எது என்பதற்கு அப்பாவின் ஊதுபத்தியே சாட்சி. ஆனால் அப்பா துள்ளிக் குதித்தார். “கொம்பியூட்டரைச் சாமி அறைக்குள்ளையோ?”

“சரஸ்வதிக்கு முன்னாலை வருசத்திலை ஒரு நாள் புத்தகம் அடுக்கிறம். நான் ஒவ்வொரு நாளும் அடுக்கப்போறன். அவ சந்தோசப்படுவா.”

பெரியப்பாவே சிரித்துவிட்டார். அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வீடு குடிபுகுந்தபோது ஐயர் வந்து திசை பார்த்து வைத்த சாமிப் படங்களை ஓர் அங்குலமும் அசைக்கக்கூடாது. அம்மா விரல்களை மடக்கி ஏதோ யோசித்தார். பிறகு சரி என்றார்.

டிசம்பரில் சாமி அறை அலுவலகமாயிற்று. ஒரு சுவரில் பிள்ளையாரும் முருகனும் அம்மன்மாரும். எதிர்ச்சுவரில் மேசையும் அதில் பெரிய பெட்டிபோன்ற கொம்பியூட்டரும். நடுவில், அலுவலகத்துக்குத் தெரியாமல், தம்பியின் ஏணை. அப்பா கூரைமரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கொழுக்கி அடித்து, அம்மாவின் சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

பள்ளிக்கூட விடுமுறை நாள்களில் நான் அம்மாவின் வேலையை வேடிக்கை பார்ப்பேன். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நகரத்துக்குப் போவதுபோலவே உடுத்து, தலைவாரி, பொட்டு வைத்து, “நான் வேலைக்குப் போறன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குசினியைக் கடந்து அந்த அறைக்குள் போவார். ஏணைக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கால் ஆட்டும், கை தட்டும், கண் தாளில் இருக்கும். மூன்றும் மூன்று வேலை செய்யும். தம்பி சிணுங்கினால் கால் வேகமாகும். கையின் வேகம் குறையாது. மத்தியானம் அரை மணித்தியாலம் வெளியே வந்து எனக்குச் சோறு தருவார். அதற்குள் ரெலிபோன் அடித்தால் குரல் மாறிவிடும், அசல் அலுவலக ஆங்கிலம். அப்படியொரு கெட்டிக்காரியை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் தம்பிக்குப் பெரிதாக இழுப்பு வரவில்லை.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் அம்மா அலுவலகத்துக்குப் போவார்.

ஏன் என்று கேட்டபோது “மீட்டிங்” என்றார். அந்தக் கூட்டத்துக்கு நிலையான திகதி கிடையாது. ஒரு மாதம் ஏழாம் திகதி வரும், அடுத்த மாதம் நாலாம் திகதியே வந்துவிடும். காலையில் எழும்பிப் பார்த்தால் அம்மா காலில் கனத்த சப்பாத்தோடு நிற்பார். அந்த நாள்களில் விளக்கேற்றுவது அப்பா. அம்மாவுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். தம்பி பழையபடி சுற்றிக் கட்டப்பட்டு அன்ரி வீட்டுக்குப் போவான். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் போவேன்.

எனக்கு அந்தக் கூட்டம் பற்றி அளவில்லாத பெருமை. என் அம்மா இல்லாமல் மாதத்தில் மூன்று நாளாவது அந்த அலுவலகத்தால் மூச்சுவிட முடியாது. வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஆசிரியையிடமும் சொன்னேன். அவர் மிகவும் மெச்சினார்.

பெப்ரவரிக் கூட்டம் அந்த வருடத்தின் மிகக் கொடிய குளிரில் வந்தது. மைனஸ் இருபத்தைந்து என்று வானொலி சொன்னது. காற்றையும் சேர்த்தால் இன்னும் மோசம். வெளியே போகாமல் இருக்க முடிந்தவர்கள் இருங்கள் என்றும் சொன்னது. அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தம்பிக்கு மூன்றாவது போர்வையைச் சுற்றினார். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

பிற்பகலில் நான் அன்ரி வீட்டுக்குப் போனபோது தம்பியின் விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. உதடு நீலம். அன்ரி ரெலிபோனில் அழுதுகொண்டு நின்றார். அம்புலன்ஸ் வந்தது. நான் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு போனேன். தம்பி செத்துப்போவான் என்று நினைத்தேன்.

அவன் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் சின்ன முகமூடி ஒன்றை வைத்துப் புகைபோல மருந்தை ஊதினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு அடங்கியது. அப்பா ஒஷாவாவிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கும் பிறகு, ரயிலும் பஸ்ஸும் மாறி அம்மா வந்தார். கோட்டில் பனி. தம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து, மெதுவாக மடங்கி நிலத்திலேயே குந்திவிட்டார். தாதி ஒருத்தி வந்து, இந்தக் குளிரில் பிள்ளையை வெளியே கொண்டுபோனது யார் என்று கேட்டாள்.

“நான்தான்” என்றார் அம்மா.

“நாங்கள்” என்றார் அப்பா.

பிறகு அவர் போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவைக் கைபிடித்து எழுப்பி இருத்தி, சுடச்சுடத் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தார். எங்கள் முன்னால் அப்பா அம்மாவின் கையைப் பிடித்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு சாமி அறைக்குள் போனார். ஒவ்வொரு படமாகக் கழற்றித் துடைத்து வெளியே கொண்டுவந்தார். இருப்பறையின் கிழக்குச் சுவரோடு, கதவு போட்ட அலுமாரி ஒன்றைக் காலி பண்ணி அதற்குள் அத்தனை சாமியையும் குடியேற்றினார். விட்பியிலிருந்து பெரியப்பா ரெலிபோனில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. ஐயரைக் கேட்டனியோ என்பதுதான் அவருடைய கேள்வி.

“கேக்கேல்லை அண்ணை” என்றார் அப்பா. “கேட்டா அவர் ஏதும் சொல்லுவார். அதாலைதான் கேக்கேல்லை.”

என்னிடம், அந்த அறை சாமிகளுக்கு இடம் காணாது என்று சொன்னார். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சாமி இடம் மாறியதில் வருத்தம் போலும் என்று நினைத்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு வெள்ளிக்கிழமை, இந்த மூன்று நாளும் நீ சாமி அலுமாரிப் பக்கம் போகவேண்டாம் என்று அம்மா என்னிடம் சொன்னார். அந்த மூன்று என்ற எண் எங்கேயோ இடித்தது. அன்றைக்கே கேட்டேன். அம்மா வெட்கப்பட்டார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். மாதவிலக்கு நாள்களில் சாமி அறைக்குள் கால் வைக்கக்கூடாது. போகாதே என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, போகலாம் என்றும் சொன்னதில்லை. கொம்பியூட்டரும் ரெலிபோன் இணைப்பும் அந்த அறைக்குள்தான். அதனால் அம்மா மனேஜரிடம் தானாகவே போய், மாதத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கு வர அனுமதி கேட்டிருக்கிறார். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட, இவர் மட்டும் அலுவலகத்தோடு தொடர்பு விட்டுப்போகக்கூடாது என்று இவ்வளவு அக்கறைப்படுகிறாரே என்று அந்தப் பெண்மணி மெச்சி, அறிக்கையிலும் எழுதினாராம். வயிற்று நோவோடு, அந்தக் குளிரில், பஸ் தரிப்பில் நின்ற நாள்களுக்குக் கிடைத்த பாராட்டு அது.

ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மார்ச் மாதம் வந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா கனத்த சப்பாத்தைப் போடவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு அந்த அறைக்குள் போய், ஏணைக் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டார். இந்த மாதம் மீட்டிங் இல்லையா என்று கேட்டேன். “இனி இல்லை” என்றார். அலுவலகம் என் அம்மாவைக் கைவிட்டுவிட்டது, பெரியப்பா சொன்னதுபோல முகத்தை மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். வகுப்பில் என்ன சொல்வது?

அன்று பின்னேரம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, புது அலுமாரியின் கதவைத் திறந்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பிள்ளையாரில் தொடங்கி ஒருவரையும் விடாமல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்: அம்மாவுக்கு அந்த மூன்று நாளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.