கரண்ட் போனதும் நின்ற தும்மல்

கல்யாணமான பிறகு மகளும் மாப்பிள்ளையும் முதல்முறையாகக் கள்ளக்குறிச்சிக்கு, எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை என்றாலே எனக்கு உள்ளுக்குள் பயம். அவருக்கு வேர்க்கக் கூடாதென்று புது ஏர்கூலர் வாங்கி ஜன்னலில் வைத்திருந்தேன்.

அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் வீடே தும்மியது. மூக்கு ஒழுகியது, தொண்டை எரிந்தது.

"என்னாலதாங்க மாமா. பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தர் தும்மிக்கினே வந்தாரு, ஒட்டிக்கிச்சி போல. நான் ஊருக்குக் கெளம்பறேன்" என்று மாப்பிள்ளை பையைத் தூக்கிவிட்டார். மகள் முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தும்மலும் நின்றது. கரண்ட் வந்ததும் மறுபடி ஆரம்பித்தது. கரண்டுக்குப் பயப்படுகிற ஜலதோஷம் உண்டா? எழுந்து வெளியே ஓடினேன்.

கூலரின் முதுகுக்கு நேராக, மகளுக்குக் கொடுத்தனுப்ப மில்லில் அரைத்து வந்த மிளகாய்த்தூளை என் மனைவி ஆறப் பரப்பியிருந்தாள்.

"இன்னாடி இது?"

"சூடு ஆறட்டும்னு போட்டேன். உன் மிஷினு அதையும் சேத்து இழுக்கும்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

கூலரை நிறுத்தினோம். வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிட உட்கார்ந்தோம். அதுவரை தலை நிமிராத மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்:

"கொழம்புல காரந்தான் கொஞ்சம் கம்மிங்க அத்த."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. தும்மலோடு என் பயமும் அன்றே போய்விட்டது.