மஞ்சள் துணியில் முடிந்த ரூபாய்

பழைய நாணயம் என்றால் என் கணவருக்குப் பைத்தியம். மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மேஜை முழுக்க அதுதான். பஸ்ஸில் மீதிச் சில்லறையாக வந்த பழைய ஒரு ரூபாய் ஒன்றை, ஆண்டுக்குக் கீழே என்ன குறி இருக்கிறது, எங்கே அடித்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று லென்ஸும் கையுமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். ஊசி போட்டும் இறங்கவில்லை. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பேரையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமிக்குக் காசு முடிந்து வைக்கலாம் என்றால், வீட்டில் சில்லறையே இல்லை. இப்போது எல்லாமே போனில்தானே! அவசரத்தில் மேஜையில் கிடந்த அந்த ரூபாயை எடுத்து, மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"செல்வி, போட்டோ அனுப்பிக் கேட்டேன், அது லேசுல கிடைக்காத காசாம்! கொஞ்சங்கூடத் தேயலையாம். எங்க அது?"

நான் பயந்துகொண்டே பூஜை அலமாரியைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "மஞ்சத் தண்ணி பட்டா கறை ஏறிருமே" என்று முனகியபடி முடிச்சில் கை வைத்தார்.

அப்போது கட்டிலிலிருந்து மகள், "அம்மா, பசிக்குது" என்றாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சாமிக்கு முடிஞ்சதை அவுக்க வேணாம். நீ போயி தோசை ஊத்து."

அவள் தேறியதும் அந்த ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம்.

இப்போது பூஜை அலமாரியில் ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய்க் காசுகள் வைத்திருக்கிறேன். சில்லறை மாற்றி வந்து நிரப்புவது அவர்தான். ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்த பிறகே உள்ளே போடுகிறார்.