மதகடிக்குப் போன ஏழு கற்கள்

இதை எழுதலாமா கூடாதா என்றே சில வருஷம் ஓடிவிட்டது. சாமி குத்தமாகிவிடுமோ என்று பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் சவுடு மண் எடுக்க வந்தார்கள். பொக்லைன், வரிசையாக லாரி, கூடவே அடியாட்கள். சொன்ன ஆழத்தைத் தாண்டித் தோண்டினார்கள். மதகு வரைக்கும் தோண்டிவிட்டால் தண்ணீர் பள்ளத்திலேயே தங்கிவிடும், எங்கள் வயலுக்கு ஏறாது. முதல் நாள் ஊரே லாரிக்கு முன்னால் நின்றோம். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் விட்டார்கள்.

என் கொழுந்தன் பட்டாளத்தில் இருந்தவர். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களைத் தேடி அலைந்தவர். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க கையில துப்பாக்கி, வண்டி எல்லாம் இருந்துச்சு. எதிர்ல ஒருத்தன் நிக்க மாட்டான். அடிச்சிட்டு ஊரோட கலந்துடுவான். பேஜாராப் பூடும். நீங்க இன்னாத்துக்கு அண்ணி வரிசையா நின்னுகினு கீறீங்க?"

அப்புறம் நாங்கள் நிற்கவில்லை. ஒரு நாள் கரைப் பாதை முழுக்க ஆடுகள். யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மறுநாள் வேறொரு பாதையில் நெல் காய்ந்தது. லாரிக்காரர்கள் அலுத்துப்போனார்கள். பொக்லைன் மட்டும் நிற்கவில்லை.

கரையோரக் குடிசையில் இருக்கும் என் சிநேகிதி, அவள் சனத்து வழக்கப்படி, தோண்டும் இடத்தில் ஏழு கல் நட்டாள். ஏழு கன்னிமார். மஞ்சள் பூசியது நான். பொக்லைன் ஓட்டுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், வண்டியை வேறு பக்கம் திருப்பினார். பொக்லைன் போகிற இடமெல்லாம் கல்லும் போக வேண்டும் என்பதுதான் கொழுந்தன் சொன்ன யோசனை.

ஆனால் ஓட்டுகிறவர் மறுநாள் தேங்காய் உடைத்து, பிள்ளைத்தாச்சி மனைவிக்காக வேண்டிக்கொண்டார். எங்கள் பெண்களும் விளக்கேற்றினார்கள். அப்புறம் கல்லைப் பிடுங்க யாருக்குக் கை வரும்? ஓடி ஓடி ஒளிய வேண்டியவர்கள் ஒரே இடத்தில் கோயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். பொக்லைன் மதகடிக்கே வந்துவிட்டது.

தூக்கினால் பாவம், விட்டால் வயல் போச்சு. ஓட்டுகிறவர் மத்தியானம் சாப்பிடப் போன நேரம், ஏரியில் முழுகி ஈரப்புடவையோடு நின்று, "அம்மா, கொஞ்சம் அந்தாண்ட வந்து உக்காருங்க" என்று கேட்டுவிட்டுத் தூக்கினேன். சிநேகிதி வந்து மூன்றைச் சுமந்தாள். மதகடியில், பொக்லைனுக்கு முன்னால் நட்டோம்.

அவர் திரும்பி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சாமி இங்க வந்துட்சா?"

"வந்துட்சு நைனா."

"நடந்தா?"

பொய் வரவில்லை. "நாங்கதான் தூக்கினு வந்தோம்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏழையும் கும்பிட்டார்.

"கன்னிமாருங்க தூக்கினு வர வுட்டாங்கள்ல," என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஆள் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மதகு தப்பியது.

இப்போது கல் தானாக நடந்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து ஊர் ஏரியில் பொக்லைன் இறங்கியிருக்கிறது. அங்கேயும் கல் நட்டுவிட்டு, அது நடக்கும் என்று காத்திருக்கிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிக்கிறவர்கள் இதை அவர்கள் காதில் போடுங்கள், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். கல் நடக்கவில்லை. இரண்டு பேர் சுமந்தோம்.