கொடியில் பிடித்த தீ

எங்கள் வீட்டில் துணி தானாகத் தீப்பிடித்தது. தானாக என்றுதான் சொல்வேன். முதலில் கொல்லைக் கொடியில் காய்ந்த என் சேலை. அப்புறம் மகனின் வேட்டி. சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்த நாட்கள். பட்டப்பகலில், ஆள் நடமாடும்போதே கருகல் வாடை வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் துணியின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பொசுங்கி, ஓரம் சிவந்து விரிந்துகொண்டிருக்கும்.

ஊரில் பேய் என்றார்கள். மகன் கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி வாத்தியாரை அழைத்து வந்தான். மரியாதையான மனிதர். காபி குடித்தார், கொடியைத் தொட்டுப் பார்த்தார், துணியை முகர்ந்தார். அப்புறம் மருமகளைப் பார்த்தார்.

“பேயெல்லாம் இல்லைங்கம்மா. இதுமாதிரி நெறய வீடு பாத்துட்டேன். பாஸ்பரஸ்னு ஒண்ணு. தடவி வச்சா, ஈரம் காஞ்சதும் தானா பத்திக்கும். வீட்டுல மனக்குறை உள்ளவங்க செய்யறது. பெரும்பாலும் புதுசா வந்த பொண்ணுங்க.”

மருமகள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“தம்பி, வேட்டி பத்துனப்ப இவ என் எதுக்க கிரைண்டர்ல மாவு தள்ளிக்கிட்டிருந்தா. முழங்கை வரைக்கும் மாவு.”

“முன்னாடியே தடவியிருக்கலாம்ல?”

“அதத் தொவச்சுப் போட்டது நானு.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “கொஞ்ச நாள் பொண்ண அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிப் பாருங்க. தீ நின்னுட்டா தெரிஞ்சுபோயிடும்.”

மகன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். தீ வைத்தவள் என்ற பேரோடு போகிறவள் எந்த முகத்தோடு திரும்பி வருவாள்? பூசாரியைக் கூப்பிட்டிருந்தாலும் இவளைத்தான் கைகாட்டியிருப்பான்.

“சோதனைன்னா எல்லாருக்கும்தானே? மூத்தவ நான். மொதல்ல நான் போறேன்” என்றேன்.

திருவிடைமருதூரில் மகள் வீட்டில் போய் இருந்தேன். தினமும் மகனுக்குப் போன் போடுவேன். “ஒண்ணும் இல்லம்மா” என்பான். கொடி நிறையத் துணி காய்ந்ததாம், ஒன்றும் பொசுங்கவில்லை. நாளாக நாளாக அவன் குரல் சுருங்கியது. ஏதோ சாக்குச் சொல்லிச் சீக்கிரம் வைத்துவிடுவான்.

வாத்தியாரிடமும் பேசினேன்.

“தம்பி, உங்க கணக்குப்படி நான்தானே?”

சிரித்தார். “அது தற்செயலுங்கம்மா. இந்த வயசுல நீங்க ஏன் செய்யப்போறீங்க?”

அவள் போய்த் தீ நின்றால் ருசு, நான் போய்த் தீ நின்றால் தற்செயல். நான் படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் ஒரே தராசில் ஆளுக்கொரு படிக்கல் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். நான் தீ வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தெரியவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஊருக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டிறங்கி, காய்ந்த வாய்க்கால் கரையோடு நடந்தேன். தூரத்திலேயே எங்கள் கொல்லை தெரியும். மருமகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வாங்கத்தை.”

சொல்லிக்கொண்டே கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவி வாளிக்குள் போட்டாள். எல்லாம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.