மடைக்குழி விரால்

எங்கள் கண்மாயில் மீன் பிடிக்க ஒரு முறை உண்டு. தண்ணீர் முழங்காலுக்கு வற்றும்வரை யாரும் தூண்டில்கூடப் போடக் கூடாது. வற்றியதும் ஊர்த் தலைவரான அம்பலம் ஒரு நாளைச் சொல்வார். அன்றைக்குக் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். காத்து நிற்கிற சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். உள்ளூர், வெளியூர் பேதம் கிடையாது. பிடித்ததை விற்கக் கூடாது. அன்றைக்கே வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதிக்க வேண்டும். இதைக் கண்மாய் அழிக்கிறது என்போம்.

அந்த வருடம் கண்மாயில் யாராவது செத்திருந்தால் மட்டும், துண்டை வீச வேண்டியது செத்தவன் வீட்டு ஆள். அவன் வரவில்லையென்றால் மீன் சேற்றிலேயே கிடந்து நாற வேண்டியதுதான்.

என் அண்ணன் தை மாதம் மடை திறக்கப் போய்ச் செத்தான். எங்கள் மடையைத் திறக்க ஒரு ஆள் மூழ்கி, அடியில் இருக்கிற அடைப்பைக் கையால் பிடுங்க வேண்டும். இரும்புக் கதவு போடச் சொல்லி ஊர் அதிகாரிகளைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனது. ஒருத்தனும் போடவில்லை. அடைப்பு கையோடு வந்தது, பாய்ந்த தண்ணீர் அவன் காலை மடைத் துளைக்குள் இழுத்துக்கொண்டது. மறுநாள்தான் எடுத்தார்கள். உதட்டையும் காதையும் மீன் கொத்தியிருந்தது. நான் பார்த்தேன். ஊரும் பார்த்தது.

வைகாசியில் அம்பலம் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே தம்பி, ஞாயித்துக்கிழம அழிச்சிரலாமுன்னு இருக்கோம். நீ வந்து துண்ட வீசணும்ப்பா."

"எங்கண்ணன கொத்துன மீன நீங்க கொழம்பு வைக்கணும். அதுக்கு நான் துண்டு வீசணுமாக்கும்? வெக்கமா இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் மனைவி, என் மதினிதான் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"தம்பி வருவாக. நீங்க போங்க."

அவர் போனதும் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"தம்பி, பொழுது சாஞ்சா மடப்பக்கம் ஒருத்தி தண்ணிக்குப் போறதில்ல. தண்ணியில ஏதாச்சும் துள்ளுனா அந்தா அவரு குளிக்கிறாருங்காளுக. எம்மகள பள்ளிக்கூடத்துல பேய்மகன்னு கூப்புடுதுக. சனம் எறங்கிப் பெரட்டி மீனத் தின்னுட்டா, அங்கன ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு போகும். எனக்கு அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குப் போனேன்.

வாட்ஸ்அப்பில் யாரோ போட்டுவிட்டதால் பரமக்குடியிலிருந்தெல்லாம் பைக்கில் வந்திருந்தார்கள். துண்டை வீசினேன். கூச்சல் கிளம்பியது. ஊத்தா, வலை, கொசுவலை, கிழிந்த சேலை என்று கிடைத்ததைக் கொண்டு சனம் சேற்றைக் கலக்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். கண்மாய் முழுக்க ஆள். மடையைச் சுற்றி மட்டும் ஒருத்தரும் இல்லை. அங்கே தண்ணீர் தெளிவாகவே கிடந்தது. யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகிறவன் ஓர் இடத்தில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தான். அண்ணனோடு கபடி ஆடியவர்களும் திரும்பினார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு மடைக்குழியில் இறங்கினேன். ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் குத்தி நிறுத்தி, மேல் வழியாகக் கையை விட்டுத் தடவ வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைதான் பார்க்கும். மேல் சேறு வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கை இறங்கியதும் சில்லென்று ஆனது. அங்கே வழவழவென்று ஏதோ என் விரல்களைக் கவ்வி இழுத்தது. கையை உருவிவிட்டேன். அப்புறம் என்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் விட்டேன். விரால். தொடை கனம் இருந்தது.

ஒருத்தரும் தொடாத இடம் இல்லையா, குத்திய இடமெல்லாம் மீன். பிடித்துப் பிடித்துக் கரையில் எறிந்தேன்.

"எடுத்துக்கங்கடா! மீனுதான்டா! வேற ஒண்ணுமில்ல!"

ஊர்க்காரன் ஒருத்தனும் அசையவில்லை. பரமக்குடிக்காரர்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"அண்ணே, என்னண்ணே இது, தங்கமாவுல்ல இருக்கு!"

ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு போனார்கள். அம்பலம் அவர்கள் பக்கத்தில் போய்க் காதோடு என்னமோ சொன்னார். அவர்கள் மடையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி வந்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி, மீனை எடுத்த இடத்திலேயே கிடத்திவிட்டுப் போனார்கள்.

மதினி கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுமினியச் சட்டியை எடுத்து வந்து, கிடந்த மீன் அத்தனையையும் அள்ளிப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது. தேவைக்கு மேலேயே விலகி நின்றது.

அன்று ஊர் முழுக்கக் குழம்பு மணத்தது. எங்கள் வீட்டிலும் மணத்தது. மதினி நாலு பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். நாலு கிண்ணமும் திரும்பி வந்தன.

"முள்ளு இருக்கும், பாத்துத் தின்னு" என்று மகளுக்குப் பிய்த்து வைத்தாள். தானும் தின்றாள். நானும் தின்றேன். விரால் விராலாகத்தான் இருந்தது.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் கண்மாய் அழிக்கிறோம். மடைக்குழியில் நான் மட்டும்தான் இறங்குகிறேன். அங்கே ஒன்றுமில்லை என்று ஊருக்கு இன்னமும் கத்திச் சொல்கிறேன். ஆனால் ஊத்தாவுக்குள் கையை விடுகிற நேரத்தில், அந்தச் சில்லென்ற சேறு வரும்போது, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.