ஸ்பீக்கர் பெட்டியில் கன்னம் வைத்த பிள்ளை

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் முதலில் தொண்டையைச் செருமுவார்கள், பிறகு அழுவார்கள், அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நேரே சொல்லிவிடுகிறேன். என் மகன் ஆரோனுக்கு மூன்றரை வயது கடந்தும் பேச்சு வரவில்லை. "ம்மா" என்று ஒரு சத்தம் வரும். தண்ணீருக்கு ஒரு சத்தம் வரும். மற்றதெல்லாம் கையும் கண்ணும்தான்.

வேதத்தில் மோசேக்காக வாய் திறந்து பேசியவர் ஆரோன். அதனால்தான் அந்தப் பெயரை ஆசையாக வைத்தோம். பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே குத்தும்.

நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இவருக்கு, என் கணவருக்கு, இரத்மலானையில் வேலை. நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மூத்தவள் ஹெப்சிக்கு எட்டு வயது. காலையில் எங்கள் வீடு சந்தைதான். ஒருத்திக்குப் பின்னல், ஒருத்தருக்கு இஸ்திரி போட்ட ஷேர்ட், எனக்கு ஸ்கூல் வான் வருவதற்குள் இடியப்பமும் சொதியும். இத்தனைக்கும் நடுவில் ஆரோன் மட்டும் அமைதியாக, ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருப்பான். "எவ்வளவு நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று வருகிறவர்கள் சொல்லுவார்கள். எனக்கு அந்தக் கரைச்சல் வேண்டியிருந்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டொரொன்டோவில் இருக்கும் மச்சாள், இவருக்கும் நாலு வயதில்தான் பேச்சு வந்தது என்றார். கீழ்மாடி அன்ரி, வீட்டில் தமிழ், நேர்சரியில் இங்கிலிஷ், வேலைக்கு வரும் பிள்ளையோடு சிங்களம், பாவம் அவன் குழம்பிப் போனான் என்றார். குடும்பத்து வட்ஸ்அப்பில் ஓட்டிசம் பற்றி வீடியோ வீடியோவாக வந்தது. ஒன்றையும் முழுதாகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, ட்ரெயின். எங்கள் வீட்டிலிருந்து ரெயில்பாதை கிட்ட. மருதானைப் பக்கமிருந்து ட்ரெயின் வரும்போது எங்களுக்குக் கேட்குமுன்பே ஆரோன் விளையாட்டுச் சாமானைப் போட்டுவிட்டு பல்கனிக்கு ஓடுவான். "அவன்ர காது நாய்க்காது" என்று இவர் பெருமையாகச் சொல்லுவார்.

மற்றது, சபை. கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆராதனை நடக்கும். பாட்டுத் தொடங்கினால் ஆரோன் என் மடியில் இருக்கமாட்டான். முன்னுக்குப் போய், பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்து அதிலே கன்னத்தை வைத்துக்கொள்ளுவான். கண் மூடிவிடும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் அவனைத் தூக்கி, இந்தப் பிள்ளை தாவீதைப் போல சுரமண்டலம் மீட்டுவான் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன். அடுத்த கிழமையே ஒரு சின்னக் கீபோர்ட் வாங்கிக் கொடுத்தோம். அவன் அதை வாசிக்கவில்லை. தாடையை அதிலே வைத்துக்கொண்டு ஒரே கட்டையை அமத்திக்கொண்டிருந்தான்.

போன வருஷம் சித்திரை லீவுக்கு முன்னால் நேர்சரி டீச்சர் என்னை நிற்கச் சொன்னார்.

"மிஸிஸ், நான் குறையாச் சொல்லேல்லை. மற்றப் பிள்ளையளைப் பாத்துத்தான் இவர் எல்லாம் செய்யிறார். நான் சொல்லி ஒண்டும் செய்யிறேல்லை. கதவைத் திறந்தால் ரோட்டுக்கு ஓடுறார், பின்னால நிண்டு கூப்பிட்டால் நிக்கிறார் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. ஒரு டொக்டரிட்டக் காட்டிப்போட்டு அடுத்த டேர்முக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பேசத் தெரியாத பிள்ளை, கூப்பிட்டால் நிற்காத பிள்ளை, கோல் ரோட்டுக்குக் கிட்ட இருக்கும் நேர்சரி. அவர் பயந்ததில் பிழை இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. த்ரீவீல் ஓட்டோவில் வரும்போது அழுதேன். ஆரோன் என் கண்ணீரைத் துடைத்துவிட்டு, விரலை நக்கிப் பார்த்தான். உப்பு என்று முகத்தைச் சுளித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது.

அதுவரைக்கும் நான் ஜெபித்தது ஒரே ஜெபம். "ஆண்டவரே, இவன் நாவின் கட்டை அவிழ்த்துவிடும்." நாக்குக்காக உபவாசம் இருந்தேன். நாக்கில் எண்ணெய் பூசி ஜெபித்தோம். எங்கள் ஆட்கள் ஜெபித்தால் மெதுவாக ஜெபிக்கமாட்டார்கள், தெரியும்தானே. கட்டளையிட்டு, அதட்டி, கை தட்டி ஜெபிப்போம். ஆரோன் எங்கள் வாய்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பான்.

வைகாசி மாத உபவாச ஜெபத்துக்கு நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். எனக்கு உடம்பிலும் பலம் இல்லை, மனதிலும் இல்லை. எல்லாரும் சத்தமாக ஜெபிக்க, நான் சுவரோடு சாய்ந்து இருந்தேன். என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "அப்பா, நீர் என்ன செய்யவேண்டும் என்று நான் இனிச் சொல்லவில்லை. இவனுக்கு என்ன என்று மட்டும் காட்டும்."

அதற்குப் பிறகு பாட்டுத் தொடங்கியது. ட்ரம்ஸ், கீபோர்ட், பேஸ் கிட்டார் எல்லாம் சேர்ந்து முழங்கின. ஆரோன் வழமைபோல் பெட்டியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பாட்டு உச்சத்தில் நிற்கும்போது கரண்ட் போனது.

எங்கள் சபை கரண்ட் போனால் பயப்படும் சபை அல்ல. ட்ரம்ஸ் அடிக்கும் தம்பி கையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கைதட்ட, ஒருவரும் பாட்டை விடவில்லை. முன்னையிலும் பார்க்கச் சத்தமாகப் பாடினார்கள். மைக் இல்லாத பாஸ்டரின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் ஆரோன் கண்ணைத் திறந்தான். பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தான். மற்றப் பக்கம் போய் அங்கேயும் கன்னத்தை வைத்துப் பார்த்தான். பிறகு பாட்டு முடிந்துவிட்டது என்ற மாதிரி, பாடிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் நடுவால் நடந்து வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

நான் அவனைப் பார்த்தபடி அப்படியே இருந்தேன். அவனுக்குப் பாட்டு முடிந்துதான் போயிருந்தது. அவன் இவ்வளவு நாளும் பாட்டைக் காதால் கேட்கவில்லை. கன்னத்தால் பிடித்திருக்கிறான்.

ஒலி என்றால் அதிர்வு என்று வருஷா வருஷம் வகுப்பில் படிப்பிக்கிறவள் நான். இசைக்கவையை மேசையில் ஊன்றிக் காட்டுகிறவள். என் வீட்டுக்குள் அதே பாடத்தை ஒரு சின்னவன் தினமும் செய்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இஞ்ச பாரும், விசர்க்கதை கதையாதையும். ட்ரெயின் வாறது எங்களுக்கு முன்னம் அவனுக்குத்தான் தெரியுது."

"தெரியுதுதான். கேக்குதோ எண்டுதான் நான் கேக்கிறன்."

நான் அவரை பல்கனிக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னேன். கையைக் கதவுக் கம்பியில் வைக்கச் சொன்னேன். ட்ரெயினுக்காகக் காத்து நின்றோம். கம்பி மெல்ல நடுங்கத் தொடங்கியது. ஆரோன் ஓடி வந்தான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ட்ரெயின் சத்தம் கேட்டது. இவர் கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. ட்ரெயினுக்குக் கை காட்டிக்கொண்டு நின்ற ஆரோனுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக ஒருதரம். சத்தமாக ஒருதரம். அவன் திரும்பவில்லை. முன்னால் போய்க் குந்தினார். அவன் அப்பாவின் முகத்தைக் கண்டு சிரித்தான். இவர் அவனை அணைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை. நாங்கள் வெளியில் காத்திருந்தபோது பக்கத்தில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய் இருந்தார். அவருடைய பிள்ளைக்கு ஓட்டிசம் என்று முதலே கண்டுபிடித்து, காதையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "எண்ட புள்ள இப்ப தானாச் சாப்பிடுது, அல்ஹம்துலில்லாஹ்" என்று முகம் மலரச் சொன்னார். வீடியோவைப் பார்க்கவே பயந்த நான் அந்த முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டேன். எந்தப் பெயர் வந்தாலும் பிள்ளை என் பிள்ளைதான் என்று அந்தக் கதிரையில் இருந்தபடிதான் மனம் நிம்மதிப்பட்டது.

உள்ளே சோதித்த மிஸ் சிங்களத்தில் கதைத்தார். முதலில் "பய வெண்ட எபா, அம்மே" என்று, பயப்படவேண்டாம் என்று என் கையைத் தொட்டார். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆரோனுக்கு இரண்டு காதிலும் கேட்கும் சக்தி நன்றாகக் குறைவு. அநேகமாகப் பிறந்ததிலிருந்தே இருக்கலாம். முழக்கமான தடித்த சத்தம் கொஞ்சம் பிடிபடும், அதிர்வு பிடிபடும். மனிதர் பேசுகிற பேச்சு பிடிபடாது. காதுக்குக் கேட்கும் மெஷின் போட்டு, பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் கதைப்பார் என்றார். மெஷின் கிடைத்த வழியிலும் தேவனுடைய கை இருந்தது. அதைச் சொன்னால் இது நீண்டுவிடும்.

மெஷின் போட்ட அன்றைக்கே அதிசயம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால், அவன் வீறிட்டு அழுது இரண்டையும் பிடுங்கி எறிந்தான். பிரெஷர் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். ஒரு மெஷின் ஹெப்சியின் சப்பாத்துக்குள் கிடந்தது. இன்னொரு நாள் அரிசி வாளிக்குள். நாங்கள் கைவிடவில்லை. பயிற்சி மிஸ் சொன்னபடி வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிட்டு. சம்பல். கதவு. குளிர். வாளி. ஷேர்ட்டுக்கு இஸ்திரி போடும்போதும் இவர் இஸ்திரிப் பெட்டியோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

முதல் தெளிவான சொல் மழைக்காலத்தில் வந்தது. "அக்கா." அம்மா இல்லை, அக்கா. வருஷக்கணக்காக முழங்காலில் நின்றவள் நான், பலனை வாங்கினவள் அவள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஹெப்சி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததைக் கேட்க எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு "பிட்டு" வந்தது. "அம்மா" வந்தது. "வேண்டாம்" வந்தது, வந்த நாளிலிருந்து அது ஓயவில்லை.

இப்போது அவனுக்கு ஐந்து வயது நெருங்குகிறது. நேர்சரியில் முன் வரிசையில் இருக்கிறான். "நில்" என்றால் நிற்கிறான் என்று டீச்சரே எனக்குச் சொன்னார். சில எழுத்துகள் இன்னும் வாயில் வரவில்லை. வயதுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க இன்னும் தூரம் இருக்கிறது. போவோம். நான் நாக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேவன் காதைக் காட்டினார். இப்போது நான் கேட்கும்போது, எந்தக் கதவைத் திறக்கவேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுப்பதில்லை.

மெஷின் போட்ட பிள்ளைகள் ஆரம்பத்தில் கத்திக் கத்தித்தான் கதைப்பார்கள். நாங்களும் ஆரோனுக்கு, "மெல்லமாச் சொல்லுங்கோ, அம்மாவுக்குக் கேக்கும்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

போன கிழமை வீட்டு ஜெபம். இவர் ஜெபித்தால் எப்படி என்று எங்கள் ஃபிளாட்ஸ் முழுவதற்கும் தெரியும். கை உயர்த்தி, குரல் உயர்த்தி, நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஆரோன் மடியிலிருந்து எழும்பினான். அப்பாவின் வாயில் தன் சின்னக் கையை வைத்தான்.

"அப்பா, மெல்லமா. ஏசப்பாவுக்குக் கேக்கும்."

  இவர் உயர்த்தியிருந்த கையை இறக்கி, பிள்ளையின் கைக்குள்ளிருந்தே மெதுவாகத் தொடர்ந்தார்.

பிள்ளைக்காகக் கேட்டுக் கேட்டுக் குரல் போன தாய் தகப்பன் யாராவது இதைப் படித்தால், டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள், ஜெபத்தையும் விடாதேயுங்கள். சத்தம் போடவேண்டிய அவசியம் இல்லை. மெதுவாகக் கேட்டாலே போதும். எங்கள் வீட்டுச் சின்னவர் அப்படித்தான் சொல்லுகிறார், கேட்கிறதைப் பற்றி எங்கள் வீட்டில் அவருக்குத்தான் கூடத் தெரியும்.