பகலில் தூங்குகிறவர்களுக்கு ஒரு கட்டடம்

இரவெல்லாம் பேருந்து ஓட்டுகிறவர்கள் பகலில்தான் தூங்கியாக வேண்டும். பணிமனையில் அவர்களுக்கென்று இருந்ததோ தகரக்கூரை போட்ட நீளமான ஒரே அறை. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை அவளிடம் வந்தது. கட்டட வடிவமைப்புதான் அவள் தொழில். அண்ணன் அதே பணிமனையில் ஓட்டுநர்.

பணிமனை மேலாளருக்கு ஆசை பெரிதாக இல்லை: கான்கிரீட்டில் ஒரு பெட்டி, உள்ளே நாலு ஏசி. அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. சில நாள் பகலில் அங்கேயே போய் உட்கார்ந்து பார்த்தாள். உள்ளே கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஆட்களோ நிறுத்தியிருந்த பேருந்துகளுக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். ஏன் என்று அண்ணனைக் கேட்டாள்.

"உள்ள அடுப்பு மாதிரி காயுதும்மா. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஒருத்தன் குறட்டை விட்டா அத்தனை பேர் தூக்கமும் போச்சு. ஏசி போட்டா குறட்டை நின்னுடுமா?"

சிரிப்பு வந்தாலும் அதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய கூடத்தை விட்டுவிட்டு, இருவர் மட்டும் படுக்கும் சின்னச் சின்ன அறைகளாக வரைந்தாள். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண்ணையே கற்களாக அழுத்தித் தடித்த சுவர். வெயில் உள்ளே இறங்காதபடி இரட்டைக் கூரை, நடுவில் காற்றுப் போக இடைவெளி. ஏசி தேவையில்லை என்றானதும் செலவும் நன்றாகவே இறங்கியது. மேலாளர் மட்டும் முகத்தைச் சுளித்தார். வெயிலில் வெந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றாள் அவள், தயங்காமல்.

வேலை தொடங்குமுன் வரைபடத்தைக் கட்டடத்தின் நிஜ அளவிலேயே சுண்ணாம்புத்தூளால் தரையில் போட்டு, எல்லோரையும் நடந்து பார்க்கச் சொன்னாள். ஓட்டுநர்கள் கோடுகளுக்குள் படுத்துப் புரண்டு கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த பெண்கள் அறைக்கு நடந்த பெண் நடத்துநர் ஒருவர் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"எங்க ரூமுக்குப் போகணும்னா இவங்க எல்லாரையும் தாண்டித்தான் போகணுமா? தூங்கி எழுந்த கோலத்துல பாத்ரூமுக்கு எப்படிங்க போறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. தானும் ஒரு பெண். இது எப்படி உறைக்காமல் போனது? "சரியாச் சொன்னீங்க. மாத்திடறேன்," என்று அங்கேயே காலால் கோட்டை அழித்தாள். பெண்களுக்குத் தனி வாசலும் குளியலறையுமாக அமைதியான பக்கம் கிடைத்தது. குறட்டைக்காரர்கள் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைப் பக்கம் போனார்கள். எவ்வளவு சத்தம் வந்தாலும் அவர்களுக்கு எங்கே கேட்கப்போகிறது என்றார் அண்ணன்.

கட்டி முடித்து முதல் கோடையில் மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வெயிலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆட்கள் எழுந்திருப்பதில்லையாம், வண்டிகள் தாமதமாகக் கிளம்புகின்றனவாம். புகாரைக் கேட்டு அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். மணி வைத்தால் பக்கத்துக் கட்டில்காரரும் விழித்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு சின்ன விளக்கு வைத்து, அதன் சுவிட்சை அலுவலகத்தில் பொருத்திக் கொடுத்தாள்.

பிறகு வேறொரு பணிமனையிலிருந்து அந்த வரைபடத்தை அப்படியே கேட்டார்கள். "அங்க இருக்கிறவங்களைப் பாக்காம வரைய மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நேரில் போனாள். அங்கே வண்டி கழுவும் பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கு வேண்டியிருந்தது கட்டில் அல்ல. வேலையில் நனைந்த துணியை மாற்றி, வீட்டுக்குப் போவதற்குள் காயவைக்க ஓர் இடம்.